நான்கு இடைவெளி

கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிற அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சுத்தம்" என்றுதான் கூப்பிட்டார்கள். "எழுதுறது கம்ப்யூட்டருக்குத்தான். அதுக்காகக் கண்டபடி எழுதலாமா? சுத்தமா இருக்க வேணாமா?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் எல்லோரையும் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஒரே ஒரு சங்கடம்தான். ஏதாவது கெட்டுப்போனால், கைநழுவிப் போனால், நம் ஆட்கள் தலையில் கைவைத்துக்கொண்டு "சுத்தம்!" என்பார்கள் இல்லையா? அப்போதெல்லாம் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இவள் திரும்பிப் பார்ப்பாள். அறையே சிரிக்கும்.

அவளுடைய எதிரியின் பெயர் சித்தப்பா. அவரும் யாருக்கும் சொந்தச் சித்தப்பா இல்லை. அறையில் மற்றவர்கள் எல்லாம் இருபதுகளில் இருக்க, காதோரம் நரைத்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அந்த உறவு. மூலையில், சுவரைப் பார்த்த மேசை அவருடையது. கம்ப்யூட்டர் திரை யார் கண்ணிலும் படாதபடி அதைப் பக்கச் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருப்பார். "புதையல் காக்குற பூதம்" என்பான் மீசை. மீசை என்பவன் இவள் பக்கத்து நாற்காலிக்காரன். முகத்தில் இருந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

சித்தப்பாவிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். எதிரே நிற்பவரின் காதைப் பார்ப்பார். காதுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல, அவரோடு பேசுவதுபோலப் பேசுவார். "பெரிய ஆளுன்னு நெனப்பு, நம்ம முகமெல்லாம் பார்க்கத் தகுதியில்லையாம்" என்று மீசை சொல்வான். சுத்தம் அதை நடித்தே காட்டுவாள். தலையை லேசாகத் திருப்பி, மீசையின் காதைப் பார்த்து, "ஏம்மா, அதை மாத்தாதேம்மா" என்று அவர் குரலில் சொல்வாள். வீட்டிலும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடித்துக் காட்டியிருக்கிறாள். அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேற, அம்மா அவன் தலையில் தட்டினாள்.

சண்டை எதைப் பற்றி என்று அம்மா ஒருநாள் கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வரிக்குள்ள அடங்கின வரியைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி எழுதணும்மா. அதுக்குள்ள அடங்கினதை இன்னும் தள்ளி. அப்பதான் எது எதுக்குள்ள இருக்குன்னு தெரியும். புரியுதா?"

"பெட்டிக்குள்ள பெட்டி. மேல சொல்லு."

"தள்ளுறதுக்கு ரெண்டு வழி. டேப்னு ஒரு பட்டன், ஒரு தட்டு தட்டினா தள்ளிடும். இல்லேன்னா ஸ்பேஸ் பட்டனை நாலு தடவை தட்டணும். நாங்க நாலு ஸ்பேஸ் கட்சி. அவரு டேப் கட்சி."

"பார்க்க வேற வேற மாதிரி இருக்குமா?"

"பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டு மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அண்ணன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "முட்டையில மயிர் புடுங்குறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதுக்குச் சம்பளமும் குடுக்குறாங்கன்னு இப்பத்தான் தெரியுது."

சண்டை என்னவோ சிரிப்பாகத்தான் நடந்தது. ஆனால் சுத்தத்துக்கு அது விளையாட்டு இல்லை. ஸ்பேஸ் என்றால் எழுதினவர் வைத்த இடம் வைத்தபடி எல்லோர் திரையிலும் இருக்கும். டேப் அப்படியில்லை. ஒருவர் திரையில் நான்கு எழுத்து அகலம், இன்னொருவர் திரையில் எட்டு. அவரவர் வைத்துக்கொள்வதுதான் அளவு. அவளுக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது. சித்தப்பாவோ ஒரே வாக்கியத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்வார். "ஸ்பேஸ் எழுதுறவங்க அளவும்மா. டேப் படிக்கிறவங்க அளவு. படிக்கிறவங்களுக்கு விட்டுக் குடுங்களேன்." அதற்குமேல் வாதாட மாட்டார். வாதாடத் தெரியாதவர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது. மேனேஜர்தான் தலை வலிக்கிறது என்று நடத்தினார். அறை முழுக்க ஸ்பேஸுக்குக் கை தூக்கியது. மூலையில் ஒரே ஒரு கை தூக்காமல் இருந்தது. அன்று மாலையே அவள் ஒரு சின்ன நிரலை எழுதி மாட்டினாள். யார் எதை எழுதிச் சேமித்தாலும் அது உள்ளே புகுந்து டேப்பையெல்லாம் நான்கு ஸ்பேஸாக மாற்றிவிடும். பழைய கோப்புகளையும் விடாது. மாற்றிய கையோடு யார் தப்புச் செய்தார்கள் என்று எல்லோருக்கும் ஒரு வரி அறிவிப்பும் அனுப்பும். அதற்கு "வாத்தியார்" என்று பெயர் வைத்தார்கள்.

மாட்டுவதற்கு முன்னால் சித்தப்பா அவள் மேசைக்கு வந்தார். அவர் அந்த மூலையை விட்டு எழுந்து வருவதே அபூர்வம். அவள் காதைப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா, நான் பார்க்குற பகுதியை மட்டும் அப்படியே விட்டுடேன். மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

தணிந்த குரலில் கேட்டதற்குத் தணிந்த குரலில் பதில் சொல்லியிருக்கலாம். மீசை பார்த்துக்கொண்டிருந்தான். வென்றவளுக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன சித்தப்பா, பந்தியில உங்களுக்கு மட்டும் தனி இலையா?" என்றாள், நான்கு மேசைக்குக் கேட்கும்படி. அறை அதிர்ந்தது. அவரும் சிரித்தார். சிரித்தபடியே மேசை விளிம்பைக் கையால் தடவிக்கொண்டு தன் மூலைக்குப் போனார். மேசை விளிம்பைத் தடவியது பிற்பாடுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு சில நாள் வாத்தியாரின் அறிவிப்புகளில் சித்தப்பாவின் பெயர்தான். டேப் போட்டார், மாற்றப்பட்டது. டேப் போட்டார், மாற்றப்பட்டது. "மறுபடியும் முட்டி போட்டாச்சு" என்று மீசை ஒவ்வொன்றையும் சத்தமாகப் படிப்பான். பிறகு அறிவிப்பு நின்றுபோனது. சித்தப்பா வழிக்கு வந்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

அவர்கள் செய்துகொடுத்த நிரல், ஆஸ்பத்திரிகளில் வரிசை எண் கூப்பிடுவது. நோயாளி ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். கவுன்ட்டர் காலியானதும் எண் பலகையில் எரியும், ஒலிபெருக்கியும் கூப்பிடும். நடக்க முடியாதவர்களை முதலில் கூப்பிடுகிற வசதி ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். அந்தப் பகுதி சித்தப்பாவுடையது. அவர் சேர்த்தார். அது ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில், கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் எண்ணையும் ஒலிபெருக்கி ஒரே மூச்சில் கூப்பிட்டுத் தள்ளியது. அத்தனை பேரும் ஒரே கவுன்ட்டருக்கு ஓடினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் நெரிசலில் சாய்ந்து விழப்போனார். யாரோ தாங்கிப் பிடித்ததால் பிழைத்தார். அந்தக் கூடத்தின் படம் அலுவலகத்துக்கு வந்தபோது மீசை தலையில் கைவைத்துக்கொண்டான்.

"சுத்தம்!"

அவள் திரும்பிப் பார்த்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "எங்க தப்புன்னு கண்டுபிடி. நாளைக்கு எல்லாரையும் உட்கார வச்சுப் பேசணும். நேராவே சொல்றேன், சித்தப்பாவை இனி வச்சிருக்க முடியும்னு தோணல. முன்ன மாதிரி அவருகிட்ட வேகமும் இல்ல, இப்ப கவனமும் இல்ல."

தப்பைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பழைய வரி ஒன்றைப் பார்த்துப் பார்த்து அவர் புது வரி எழுதியிருந்தார். பழைய வரியின் கடைசியில், கவுன்ட்டர் காலியாக இருந்தால் மட்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. புது வரியில் அது இல்லை. மற்றதெல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. வால் மட்டும் அறுந்திருந்தது. அவளுக்கு அது உறுத்தியது. தெரியாமல் செய்கிறவன் கண்ட இடத்தில் தப்புச் செய்வான். இது கத்தியால் நறுக்கியதுபோல ஒரே இடத்தில் நின்றிருந்தது.

சித்தப்பா மேனேஜர் அறையில் இருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் முந்தைய நகல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் அந்த மூலைக்குப் போனாள். இத்தனை நாளில் அவருடைய நாற்காலியில் உட்கார்வது அதுவே முதல் தடவை. மவுஸை அசைத்தாள். திரை விழித்தது.

கடைப் பெயர்ப்பலகை மாதிரி எழுத்து. அவளுடைய திரையில் ஐம்பது வரி தெரியும். இதில் எட்டோ ஒன்பதோ. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்துகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. திறந்திருந்தது அந்தக் கோப்புதான். நாலைந்து பெட்டிக்குள் அடங்கிய அந்தப் பழைய வரி. ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு ஸ்பேஸ். ஒவ்வொரு ஸ்பேஸும் கட்டைவிரல் அகலம். திரையின் பாதிவரைக்கும் வெறும் இருட்டு. பாதிக்கு அப்பால்தான் வரி ஆரம்பித்தது. வலது ஓரத்தில் போய் வரி முடிந்துவிட்டதுபோல நின்றது. முடியவில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த நிபந்தனை திரைக்கு வெளியே இருந்தது.

வாத்தியார் வருவதற்கு முன்பே சித்தப்பா எடுத்து வைத்திருந்த, அதே கோப்பின் நகல் ஒன்றைத் தேடித் திறந்தாள். அதில் டேப்பின் அளவை அவர் ஒரே ஒரு எழுத்தாக வைத்திருந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே ஒரு கட்டைவிரல்தான் தள்ளல். அதே வரி இடது ஓரத்துக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்து, கடைசி எழுத்துவரை திரைக்குள் அடங்கியிருந்தது.

ஸ்பேஸ் எழுதுறவங்க அளவும்மா. டேப் படிக்கிறவங்க அளவு.

அவள் இரண்டு கோப்புகளையும் மாறி மாறித் திறந்து பார்த்தாள்.

"பூதத்தோட புதையலைப் பார்த்தாச்சா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அவள் நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தாள். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுவரைக்கும் போயிருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சித்தப்பா... கண்ணு..."

"மெதுவா பேசு." நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பிடித்து உட்கார்ந்தார். "நடுவுல மட்டும் ஒரு புகை மாதிரி. ஓரமெல்லாம் தெரியும். ரெண்டு கண்ணுலயும். நேரா பார்த்தா நீ இல்லை. காதைப் பார்த்தா நீ இருக்கே."

அவள் அந்த நடிப்பை எத்தனை பேருக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள் என்று நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

"வரியை மடிச்சுக் காட்டுற மாதிரி வச்சிருக்கலாமே," என்றாள். என்னவாவது சொல்ல வேண்டும் என்று சொன்னது.

"மடிச்சா எது எந்தப் பெட்டிக்குள்ளன்னு குழம்பிடுது. டேப்புக்கு மாத்தி வச்சும் பார்த்தேன். சேமிச்ச உடனே உன் வாத்தியார் காட்டிக் குடுத்துடறாரு. அந்த மீசைப் பையன் படிக்கிறான். சரி, போகட்டும், பக்கவாட்டுல உருட்டி உருட்டிப் பார்த்துக்கலாம்னு விட்டேன். ஒரு வரி விட்டுப்போச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டேனே," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "காரணத்தோட கேட்டிருக்கணும்னு சொல்றியா? கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா யாரு என்கிட்ட வேலை குடுப்பா? பொண்ணு படிப்பு இன்னும் முடியல. மேனேஜர்கிட்ட சொல்லிடாதேம்மா. தப்பு என்னோடதுன்னே சொல்லு. அந்த அளவுக்கு அது உண்மைதானே."

அன்று வீட்டில் அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தாள். அம்மா கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பந்தி, தனி இலை, வாத்தியார், சக்கர நாற்காலி, காது. அம்மா ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தாள். அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தட்டைப் பார்த்தான்.

"நாமளும்தானே சிரிச்சோம்," என்றான் அவன். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தான். வாசல் கதவருகே நின்று, "பஸ் ஓட்டுறவன் நான். கண்ணு பரிசோதனைக்குக் கூப்பிட்டாலே எங்க ஆளுங்களுக்கு வயித்தக் கலக்கும். எனக்காவது தெரிஞ்சிருக்கணும்," என்றான்.

பகிர்ந்துகொண்டால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை. இப்போது வீட்டில் மூன்று பேர் சுமந்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் கண்ணாடி அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சித்தப்பா கதவோரம். மேனேஜர் அவளைப் பார்த்து, "சொல்லு" என்றார்.

அவள் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அவருடைய ரகசியம் அவளுடையது இல்லை. அதை எடுத்து வீச அவளுக்கு உரிமை இல்லை. மிச்சம் இருந்தது அவளுடைய பங்கு மட்டும்தான்.

"வாத்தியாரால வந்த தப்பு சார்," என்றாள். "நான் மாட்டினது. நாலு ஸ்பேஸா ஆனதுல வரியெல்லாம் வலது பக்கம் ஓடிப்போச்சு. வரியோட வால் திரைக்கு வெளியில போயிடுச்சு. எழுதினவருக்கு அது தெரிய வழியில்ல. யாரையும் கேக்காம, சரியா சோதிக்காம எல்லாக் கோப்புலயும் கையை வச்சது நான்தான்."

"எனக்கெல்லாம் வெளியில போகலையே," என்றான் மீசை.

"உனக்குப் போகல. எல்லாரும் உன்னை மாதிரியே எழுத்தை எறும்பு சைஸுல வச்சுப் பார்ப்பாங்களா?" சொல்லிவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சித்தப்பா அசையவில்லை. அவள் அவசரமாகத் தொடர்ந்தாள். "வாத்தியாரை எடுத்துடலாம் சார். டேப்புக்கே திரும்பிடலாம். ஸ்பேஸ் எழுதுறவங்க அளவு. டேப் படிக்கிறவங்க அளவு. படிக்கிறவங்களுக்கு விட்டுக் குடுத்துடலாம்."

அறை ஒரு கணம் வாயைப் பிளந்தது. பிறகு ஆரம்பித்தது.

"கட்சி தாவிட்டாங்கடா!"

"எவ்வளவுக்கு வாங்கினீங்க சித்தப்பா?"

"நேத்துவரைக்கும் டேப் போட்டா கையை வெட்டணும்னாங்க."

மீசைதான் அதிகம் கத்தினான். அவளுக்காகத்தானே இத்தனை நாள் ஒவ்வொரு அறிவிப்பையும் படித்தான். அவனுக்குக் கோபம் நியாயம். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கேலிக்கு ஒரு கேலி என்று யாராவது கணக்குப் போட்டு முடித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்படி முடிகிற கணக்கில்லை என்றும் தெரிந்தது. அவர் அன்று சிரித்தபடி நடந்து போனார். அவளால் சிரிக்கவும் முடியவில்லை.

மேனேஜர் மேசையைத் தட்டினார். "ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட மன்னிப்புக் கேக்கப் போறது நீதான். இனிமே எது மாட்டினாலும் என்னைக் கேட்டு மாட்டு. டேப்பே இருந்து தொலையட்டும்." கதவோரம் திரும்பினார். "நீங்க அந்தப் பகுதியைத் திருத்திக் குடுங்க. மேற்கொண்டு எதுவும் பேச வேணாம்."

அவருக்கு வேலை போகவில்லை. இப்போதைக்கு.

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சித்தப்பா வந்து நின்றார். அவள் டம்ளரைக் கழுவிய பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பேசினதெல்லாம் என் வசனம்," என்றார்.

"ஆமா. எனக்குச் சொந்தமா ஒண்ணும் வரல." டம்ளரைக் கவிழ்த்தாள். "மன்னிச்சிடுங்க சித்தப்பா. வாத்தியாருக்காக மட்டும் இல்ல. தனி இலைன்னு சொன்னதுக்கு. அப்புறம் இன்னொண்ணும் பண்ணியிருக்கேன். நீங்க காதைப் பார்த்துப் பேசுறதை நான் நடிச்சுக் காட்டுவேன், எல்லார்கிட்டயும்."

அது அவருக்குத் தெரியாது போலிருந்தது. சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் தடவிப் பிடித்து இறுக்கி மூடினார்.

"பரவாயில்லைன்னு சொல்லணும். இன்னைக்கு வாய் வரமாட்டேங்குது," என்றார். "இன்னொரு நாள் சொல்றேன். மேனேஜர்கிட்ட கண்ணு விஷயத்தையும் நானே சொல்றேன், என் வாயால. நீ காட்டிக் குடுக்காம இருந்ததுக்கு அது ஒரு மரியாதை."

அவர் வழக்கம்போல அவள் காதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பாவம், பார்வை போகிற இடத்தில் நாமாவது போய் நிற்போமே என்று நினைத்தாளோ என்னவோ, மெல்ல அரையடி நகர்ந்து, அவர் பார்வைக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

சித்தப்பா திடுக்கிட்டார். கண்கள் இங்கும் அங்கும் அலைந்தன.

"எங்கம்மா போனே?"

"இங்கதான் இருக்கேன்."

"நகராதேம்மா. முன்ன எங்க நின்னியோ அங்கயே நில்லு. அங்கதான் எனக்கு நீ தெரியுறே."

அவள் அரையடி நகர்ந்து பழைய இடத்துக்கே போனாள். அவர் பார்வை அவள் காதோரம் வந்து நின்றது, முகம் தெளிந்தது.

"ம். இப்ப சரி," என்றார். "இரக்கப்பட்டு நீ டேப் கட்சிக்கு வர வேணாம். வந்தாலும் சேர்த்துக்க மாட்டேன். அது கிடக்கட்டும், புதுசா ஒரு புரோகிராம் எழுதியிருக்கியே, அதுல வர்ற ஒவ்வொண்ணுக்கும் முழ நீளத்துக்குப் பேர் வச்சிருக்கே. ரயில் பெட்டி மாதிரி. பேரைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆஸ்பத்திரியே மூடிடுவான்."

பதில் அவள் தொண்டைவரைக்கும் வந்தது. பழைய பதில்தான், சூடானது. அது வழியிலேயே நின்றது. அவர் காத்திருந்தார்.

"பேரு நீளமா இருந்தாத்தான் சித்தப்பா அர்த்தம் புரியும்," என்றாள். குரல் நடுங்கியது. "உங்களை மாதிரி ஒத்தை எழுத்துல பேர் வச்சா... அதைப் பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது."

"நடுங்காம சொல்லு," என்றார் சித்தப்பா.

அவள் நகராமல் நின்று, இன்னொரு தடவை சொன்னாள்.